மூடியில்லாத டி.பி. பெட்டி

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் ஒரு வீடு. திண்ணையைத் தாண்டியதும் தறிக்குழி. எதிர்ச்சுவரில், வீட்டின் லைன்களெல்லாம் பிரியும் டி.பி. பெட்டி மூடி கழன்று, வைக்கோலைத் திணித்தது போல ஒயர்கள் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. நான் போனபோது மெயினை ஆஃப் செய்திருந்தார்கள். அப்படியும் ஒயர்மேன் ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார்.

"தானே புயலுக்கு அப்புறம் இன்வெர்ட்டர் வச்சோம் சார். அதுலேருந்துதான் தொல்லை" என்றார் வீட்டுக்காரர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப்போட்ட அந்தப் புயலில் கம்பங்கள் சாய்ந்து, நெய்வேலி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் இந்தப் பகுதி பல நாள் இருட்டில் கிடந்தது. இன்வெர்ட்டர் வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய பெட்டிக்குள் புது ஒயரை நுழைத்த விதம்தான் தப்பு.

பின்னறை ஃபேனைப் போட்டாலே, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. பார்க்க வந்த ஒருவர் அதை ஒதுக்கிவிட்டு லைனை டைரக்ட்டாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்பிறகு ட்ரிப் ஆகவில்லை; வீட்டிலும் யாரும் கவலைப்படவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தவழும் குழந்தை இருக்கிற வீடு அது.

ஃபேஸில் போகும் மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதைத்தான் ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அது ஒரு மனித உடல் வழியாகப் போவதாகவும் இருக்கலாம் என்பதால், கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும். இங்கே பின்னறை லைனுக்கு ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை அதற்கு முன்னால் இருந்த நியூட்ரல் கட்டையில் முறுக்கியிருந்தார்கள். போனது திரும்பவில்லை என்று கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒயர்கள் வரிசையாக இருந்திருந்தால் அந்தத் தப்பு பார்த்ததுமே தெரிந்திருக்கும். அந்தச் சிக்கலுக்குள் தேடிப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பிறகு ஒயர்மேன் எல்லாவற்றையும் கழற்றினார். 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு, அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழ வேண்டிய எம்.சி.பி.யை 32 ஆம்பியரில் போட்டிருந்தார்கள், ஒயர் சூடாகிக் கருகினாலும் அது விழாமல் இருக்கலாம். அதை எடுத்துவிட்டு 10 ஆம்பியர் போட்டார். ஒயர்களை ஒட்ட வெட்டவில்லை. "அப்புறம் ஒரு முனை கருகிப் போச்சுன்னா வெட்டி மாட்ட நீளம் வேணும்ல?" என்று ஓரமாக வளைத்து விட்டார். முனைகளை முறுக்கி லக் வைத்து நசுக்கினார். ஒரு ஓட்டையில் ஒரே ஒயர். திருகை இறுக்கியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். லூஸ் காண்டாக்ட் சூடாகி, அந்தச் சூட்டிலேயே இன்னும் லூஸாகும் என்றார். முதல் எம்.சி.பி.யின் நியூட்ரல் முதல் ஓட்டையில், இரண்டாவதன் நியூட்ரல் இரண்டாவதில். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் கட்டை. எர்த் எல்லாம் பச்சை. கட்டுகளைக்கூட இறுக்கிப் போடவில்லை, நெருக்கினால் ஒயர் சூடேறும் என்று.

பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சொன்னார்: "தறி அச்சுல ஒரு இழை மாத்திக் கோத்தா துணி நெடுக கோடு விழும் சார். இதுவும் அப்படித்தான் போல."

கடைசியாக எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி, புது மூடியின் உள்பக்கம் ஒட்டினார் ஒயர்மேன். மெயினைப் போட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். ஃபேன் நின்றது.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தப் பொத்தானும் இருக்கும். கரண்ட் இருக்கும்போது ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வீட்டில் கரண்ட் நிற்கவில்லையென்றால் இன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.