நூல் அறுந்தால் நாசிலைப் பாருங்க

நூற்பாலை என்றதும் ஸ்பிண்டில்களின் இரைச்சல்தான் நினைவுக்கு வரும். கோவையை அடுத்த ஒரு மில்லில் நான் பார்க்கப் போனது அந்த இரைச்சலுக்குக் காற்று அனுப்பும் ஹியூமிடிட்டி பிளான்ட்டை. பெரிய ஃபேன் இழுக்கும் காற்று ஓர் இருட்டறைக்குள் நுழைகிறது. அங்கே குழாய்களில் வரிசை வரிசையாய் நிற்கும் நாசில்கள் தண்ணீரைப் பொடியாக்கி அதன்மேல் வீசுகின்றன. காற்று குளிர்ந்து, எலிமினேட்டர் தகடுகளின் வளைவுகளில் துளிகளை உதறிவிட்டு மெஷின்களுக்குப் போகிறது.

ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் இழையின் வலு போகும், நிலைமின்சாரம் ஏறிச் சிலும்பும். கூடினாலோ பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

"நூல் அறுந்தா எல்லாரும் மெஷினைத்தான் நோண்டுவாங்க. நான் இங்க வந்து நாசிலைப் பாப்பனுங்க சார்" என்றார் ஃபிட்டர். அன்று மில்லுக்கு லீவு, பம்ப் நின்றிருந்தது. கம்பூட்டோடு தொட்டித் தண்ணீரில் நின்றபடியே ஒரு பித்தளை நாசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் பருமன்தான். மூடியைத் திருகினால் உள்ளே வட்டமான சிறு அறை; தண்ணீர் வரும் வழி நடுவில் இல்லாமல் ஓரமாக, சுவரை உரசினாற்போல் திறக்கிறது. சூட்சுமமே அதுதான். ஓரமாக நுழையும் தண்ணீர் சுழல்கிறது, நடுவில் காற்றுத் தூண் உண்டாகிறது. துளையைத் தாண்டியதும் அந்தச் சுழல் மெல்லிய கூம்பாய் விரிந்து, கிழிந்து, துளியாகிறது. உள்ளே வெறுமையான இந்தக் கூம்பைத்தான் ஹாலோ கோன் என்கிறார்கள். விவசாயி முதுகில் சுமக்கும் மருந்து ஸ்பிரேயரிலும் பெரும்பாலும் இதே வித்தைதான். கழுவவும் பெயின்ட் அடிக்கவும் விசிறி மாதிரி விரியும் ஃப்ளாட் ஃபேன்; நடுவும் நனைய வேண்டிய இடத்துக்கு ஃபுல் கோன்.

துளி சிறுத்தால் என்ன லாபம்? ஒரு துளியைப் பாதி விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் எட்டு கிடைக்கும். மொத்தப் பரப்பு இரட்டிப்பாகும். காற்று ஈரத்தை வாங்குவது அந்தப் பரப்பில்தான்.

தண்ணீர் போதவில்லை என்றால் பிரஷரைக் கூட்டு என்று சொல்லும் மேலதிகாரிகள் எல்லா ஆலையிலும் உண்டு. அதே நாசிலில் இரண்டு மடங்கு தண்ணீர் வர, பிரஷர் நாலு மடங்காக வேண்டும். பம்பின் வேலையோ எட்டு மடங்கு. அதற்குப் பதில் அடைப்பை எடுக்கலாம், மலிவு.

அடைப்புக்குக் காரணம் இரண்டு: பஞ்சுத் தூசி, போர் தண்ணீரின் உப்பு. பக்கெட்டில் லேசான ஆசிட் கலந்து ஊறப்போட்டிருந்தார்கள். ஹெல்பர் பையன் ஒரு கம்பியை எடுத்ததும் ஃபிட்டர் அதட்டினார்: "குத்தாதடா தம்பி! ஓட்டையோட உதடு கீறுச்சுன்னா கூம்பு கோணிப்போயிரும்." பிரஷ் மட்டும்தான் அனுமதி. துளை தேய்ந்து விட்டம் பத்து சதவீதம் கூடினாலே பரப்பு 21 சதவீதம் பெருத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேய்மானத்தை அவர் அளவு ஜாரில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடித்து, புது நாசிலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார். பழசை மாற்ற ஸ்டோரில் கேட்டால் "தண்ணி வருதில்ல?" என்கிறார்களாம்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பம்பைப் போட்டார்கள். புகை மாதிரி அறை நிறைந்தது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் கயிறாய்க் கொட்டியது.

"மூணாவது லைன், கீழிருந்து ரெண்டாவது. பம்பை நிறுத்துடா தம்பி" என்றார்.