மன்னரின் மாளிகையும் மதராஸ் கவர்னரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போனால் மதுரை மன்னர் திருமலை நாயக்கரின் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. தீராத நோய் இங்கே தீர்ந்ததாம். அதன்பின் உச்சிக்கால பூசை முடிந்த செய்தி மண்டபத்துக்கு மண்டபம் முரசொலியாக மதுரைக்குப் போன பிறகே மன்னர் உணவருந்தினாராம். அந்த ஒலி போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மதுரை மாளிகை இன்றும் நிற்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் நேப்பியர் பிரபு.

1636இல் எழுந்த மாளிகை அது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அதன் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார். எஞ்சியது கவனிப்பாரற்றுச் சிதைந்தது. சுதையும் செங்கலுமான கட்டடம் மழைக்கு எத்தனை காலம் தாங்கும்?

1866இல் மதராஸ் கவர்னராக வந்த பிரான்சிஸ் நேப்பியர் ஸ்காட்லாந்துப் பிரபு. வாஷிங்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று தூதராகச் சுற்றியவர். பதவியேற்ற ஆண்டிலேயே கஞ்சம் மாவட்டப் பஞ்சம் அவரை எதிர்கொண்டது. சென்னையில் கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலம் 1869இல் அவர் காலத்தில் கட்டப்பட்டது. பாலத்தில்தான் அவர் பெயர் நிலைத்தது. எனக்கோ அவருடைய பெரிய காரியம் மதுரையில் நடந்தது என்றே தோன்றுகிறது.

இடியும் நிலையிலிருந்த மாளிகையை இடித்துத் தள்ளுவது எளிது. நேப்பியர் பழுதுபார்க்கச் சொன்னார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸோம் அந்தப் பணியை ஏற்றார். இந்நாட்டு அரசுக் கட்டடங்களுக்கு ஐரோப்பிய பாணியை அப்படியே கொண்டுவருவது பொருந்தாது, இங்குள்ள கட்டட மரபே பொருந்தும் என்று நேப்பியர் 1870இல் வெளிப்படையாக வாதிட்டார். சிஸோம் பின்னர் திருவனந்தபுரத்தில் வடிவமைத்த அருங்காட்சியகம் கவர்னரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

பழமையின் மீதான பற்று மட்டும் போதாது. ஆட்சிக்குக் கச்சேரி நடத்த இடம் வேண்டும். ஒருவர் கைக்குள் அடங்காத தூண்களுக்கு நடுவே நீதிமன்றங்கள் வந்தன. வழக்குக்கு வந்தவர்கள் நடமாடியதால்தான் கூரைக்கு ஒழுகல் பார்க்க ஆள் இருந்தது. அதை நான் குறையாகக் கருதவில்லை.

1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோ கொலையுண்டதும் நேப்பியர் தற்காலிக வைஸ்ராயாகக் கல்கத்தா போனார். மே மாதத்தோடு இந்தியாவை விட்டே கிளம்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். இங்கும் திருமலை நாயக்கருக்கு ஒரு மகால் உண்டு, ஆண்டாள் ஊரில் அவர் தங்குவதற்கு. மதுரை மாளிகையைப் போல அதிலும் நெடுங்காலம் நீதிமன்றம் நடந்தது. மதுரைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது இந்தச் சின்ன மகாலுக்கும் கிடைக்க வேண்டும். மடவார் வளாகம் வரை வருகிறவர்கள் இதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.