இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு சிசுவும்

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், இதய ஆபரேஷனுக்குப் பின் துடிப்பு தடைபட்ட குழந்தைகளைச் சுவர் பிளக்கில் மாட்டிய கருவிதான் காத்தது. 1957 அக்டோபர் 31-இல் கரண்ட் போனது. டாக்டர் லில்லெஹை மாற்று வழி கேட்டது, ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் செய்துவந்த எர்ல் பாக்கனிடம். அவர் மெட்ரோனோம் சர்க்யூட் ஒன்றை மாற்றி, நான்கே வாரத்தில் பேட்டரி பேஸ்மேக்கர் செய்தார். இரண்டே டிரான்சிஸ்டர்!

இன்று பச்சிளங் குழந்தைக்கு ரத்தக்குழாய் மெல்லிசு என்பதால், கம்பியை இதயத்தின் மேலேயே தைத்து, பெட்டியை வயிற்றுப் பகுதியில் வைக்கிறார்கள். கீழறைகள் இரண்டும் முன்பின்னாகத் துடித்து இதயம் தளர்ந்தால், ஒரே நேரத்தில் துடிக்கவும் வைக்கிறார்கள்.

"ரிப்பேர் வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவன் நான். பதில் தெரியாமல் நின்றதுண்டு. இப்போது சொல்வேன்: "ஆமாங்க, ரிப்பேர்தான். பாக்கனும் அதைத்தான் செய்தார்." நண்பர்களே, நாம் சால்டர் செய்யும் ஒவ்வொரு ஜாயின்டும் உறுதியாக நிற்கட்டும், அதை நம்பி ஓர் உயிர் இருக்கலாம்!