உங்க ரெய்ஸ் உளறுதா பாஸ்?

கையில ரெண்டு ஏஸ். போக்கர்ல இதைவிட நல்ல ஜோடி கிடையாது. சராசரியா 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். மணிக்கு 20 ஆட்டம் போட்டாலும் 11 மணி நேரம் காத்திருக்கணும். சரி, வந்தாச்சு. இப்போ எவ்வளவு ஏத்துவீங்க?

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷ விளக்கம். டெக்ஸாஸ் ஹோல்டம்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு கவிழ்த்துத் தருவாங்க. அப்புறம் நடுவுல பொதுச் சீட்டு அஞ்சு திறக்கும். முதல் மூணுக்குப் பேரு ஃப்ளாப். அதுக்கு முன்னாடி நடக்கிற பந்தயம்தான் ப்ரீஃப்ளாப். ரெண்டு பேர் மட்டும் சீட்டைப் பார்க்காமலே கட்டாயமா வைக்கணும். எங்க ஆட்டத்துல ஒருத்தர் 1, அடுத்தவர் 2. ரூபாய் இல்லைங்க, புளியங்கொட்டை!

எங்க செட்டுல ஊர்ப் பேருதான் கூப்பிடுற பேரு. சம்பா அறுவடை முடிஞ்சு களத்துமேடு காலியானா, ஒன்பது பேர் வட்டமா உக்காந்துடுவோம்.

திருவையாறு ஏஸ் ஜோடி வந்தாலும் ஏத்த மாட்டான். 2 கொட்டையை வெச்சுட்டு, எல்லாரும் வரட்டும்னு பதுங்குவான். வருவோம்ல! எதிர்ல ஒருத்தர்னா ஏஸ் ஜோடி கடைசி வரைக்கும் போய் ஜெயிக்க நூத்துக்கு 85 வாய்ப்பு. நாலு பேர்னா 56. எட்டு பேரும் இருந்தா 35 பக்கம் வந்துடும். 2 கொட்டைக்கு அதுவும் லாபம்தானேன்னு கேப்பீங்க. லாபம்தான். ஆனா, மலிவா உள்ளே வந்த எட்டு பேர்ல எவன் ரெண்டு ஜோடி புடிச்சு வெச்சிருக்கான்னு தெரியாம, மிச்சக் கொட்டையை எல்லாம் கொட்ட வேண்டியிருக்கும்.

பாபநாசம் நேரெதிர். ஜாக்கி ஜோடி வந்தா தடாலடியா 30! ஜாக்கியைவிடப் பெரிய சீட்டு ஒண்ணாவது ஃப்ளாப்புல விழ நூத்துக்கு 57 வாய்ப்பு. அந்தக் கண்றாவியைப் பார்க்கப் பயந்து மொத்தப் பேரையும் துரத்திடுவான். கிடைக்கிறது 3 கொட்டை. துரத்தியும் போகாம ஒருத்தன் நின்னா, அவன் கையில ராணி ஜோடிக்குக் கீழே இருக்காது.

பழகினவங்க கணக்கு சிம்பிள். பெரிய பிளைண்டைப் போல மூணு மடங்கு, அதாவது 6. ஏற்கெனவே சும்மா 2 வெச்சு உள்ளே வந்தவங்களுக்குத் தலைக்கு இன்னொரு 2. எங்க ஆளுங்க 6-க்கெல்லாம் அசைய மாட்டாங்க, அஞ்சு பேர் வந்து நிப்பாங்க. அதனால இங்கே 10-ல ஆரம்பம். பிளைண்ட் வெச்ச இடத்துல இருந்தா இன்னும் ரெண்டு மூணு கூட்டலாம். ஃப்ளாப்புக்கு அப்புறம் நாமதானே முதல்ல பேசணும்?

இதெல்லாம் ஒரத்தநாட்டுக்கு அத்துப்படி. முகத்தையும் கல்லு மாதிரி வெச்சிருப்பான். ஆனா பெரிய ஜோடின்னா 14, சுமார் சீட்டுன்னா 8. மூணாவது வாரமே எங்களுக்கு விளங்கிடுச்சு. 14 விழுந்தா வட்டமே சீட்டைக் கவிழ்த்துடும். 8 விழுந்தா மேல ஏத்தி மிரட்டுவோம். பாவம், முகம் மறைச்சதைக் கொட்டை சொல்லிடுச்சு!

மாட்டுச் சந்தையில தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடிச்சு விலை பேசுறதைப் பார்த்திருக்கீங்களா? பக்கத்துல நிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. ரெய்ஸும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கணும். ஆளுக்கும் உக்காந்த இடத்துக்கும் ஏத்தபடி அளவை மாத்துங்க. சீட்டுக்கு ஏத்தபடி மட்டும் மாத்தாதீங்க.

'இவ்வளவு தெரிஞ்சவன் ஆன்லைன்ல ஆடிச் சம்பாதிக்கலாமே'ன்னு ஒரு அண்ணன் கேட்டார். களத்துமேட்டுல ஒரத்தநாட்டைப் படிக்க எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. ஆன்லைன்ல நீங்க வெச்ச ஒவ்வொரு ரெய்ஸையும் குறிச்சு வெச்சுக் கணக்குப் போட எதிராளிகிட்ட சாஃப்ட்வேரே உண்டு. போதாததுக்கு, ஜெயிக்கிற பணத்துல கம்பெனி கமிஷன் வேற. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல்ல போட்டது. 2023 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம், ரெண்டும் திறமை ஆட்டம்னு சொல்லி அந்தப் பட்டியலை ரத்து செஞ்சது. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டமே கூடாதுன்னு சட்டம் போட்டுடுச்சு. அண்ணனுக்கு நான் பதில் சொல்லும்போது சட்டத்துக்கே போகலை. சாஃப்ட்வேர் பத்திச் சொன்னதுமே போனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார்.

ஒரத்தநாடு இப்போ உஷார். எந்தச் சீட்டுக்கும் 10-தான். நேத்து அவன் 10 வெச்சப்போ என் கையில ராணி ஜோடி. ஏத்துறதா வேண்டாமான்னு ரொம்ப நேரம் அவன் கொட்டையையே பார்த்துட்டு இருந்தேன். ஒண்ணுமே தெரியலை!