பச்சைத் தண்ணீரில் அலசிய கைலி

அப்பாவின் கைலி ஒன்று என்னிடம் இருந்தது. நீலக் கட்டம், இடையிடையே மெல்லிய வெள்ளைக் கோடு. சென்ற ஆண்டு அவசரத்துக்கு ஒரு டோபிக் கடையில் காசு போட்டு, இயந்திரத்தில் வெந்நீரில் துவைத்து, சூட்டுக் காற்றிலேயே உலர்த்தியும் எடுத்தேன். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏறிப்போயிருந்தது. வெள்ளைக் கோடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் சிரம்பானிலிருந்து ரந்தாவ் பக்கம் போனேன். அம்மாவோடு ஒரே நிரையில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் அங்கே பழைய லயத்து வீட்டில் இருக்கிறார்.

ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகும் வழியெங்கும் ஒரு காலத்தில் பால்மரக் கித்தாக்காடு. இப்போது செம்பனை. லயத்தின் முன்னால் மூங்கில் கழிகளில் கைலிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“பசியாறியாச்சா தம்பி?” என்றார் பாட்டி. பையிலிருந்து கைலியை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்க்கவில்லை. ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். “சுடுதண்ணி பட்டிருக்கு” என்றார்.

அவர் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுப்பது, பிறகு காடு. ஆணோ பெண்ணோ, காட்டுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு பழங்கைலி இருக்கும். மரத்தில் கட்டிய மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது தெறிக்கும் பால் அதில்தான் விழும். மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். தெறித்த பால் ஈரமாக இருக்கும்வரை பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். உறைந்துவிட்டால் நூலுக்குள் இறங்கி இறுகிவிடும். நாளானால் பழுப்பேறிக் கறுத்துப்போகும். வெந்நீரில் போட்டால் உறைவது இன்னும் விரைவாகும்.

அதனால் காட்டிலிருந்து திரும்பியதும் முதல் வேலை தோம்புத் தண்ணீரில் கைலியை முக்குவதுதானாம். சோறு பிறகுதான். தப்பித்தவறிக் காய்ந்துவிட்டால் அவசரப்படக் கூடாது. பாதி காய்ந்த பாலைத் தேய்த்தால் அது பரவும். முழுதும் காயவிட வேண்டும். பால் உறைந்த ஒரு பழந்துணியை மடியில் விரித்து அதைப் பாட்டி செய்தே காட்டினார். கறையின் ஓரத்தை நகத்தால் நெம்பி, துணியை ஒரு பக்கம் இழுத்து, உறைந்த பாலை எதிர்ப்பக்கம் இழுத்தார். மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்த கோட்டுப்பால் உரிவதுபோலப் பழுப்பு நூலாக நீண்டு வந்தது. மிச்சமிருந்த இடத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்தார். ரப்பர் உப்பி இளகியதும் சவுக்காரம் போட்டுக் கசக்கினார். தொண்ணூறு விழுக்காடு போயிற்று. நெருப்புப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பால் ஸ்டோரில் வேலை செய்தவர்களின் கைலிக்கு வேறு வைத்தியம். பால் உறையப் பார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். அது தெறித்த துணியில் சவுக்காரம் படுமுன் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

இவ்வளவும் வேலைக் கைலிக்கு. பெட்டிக் கைலி என்று ஒன்று உண்டு. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் எடுப்பது. பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து தன் வீட்டுக்காரருடையதைக் காட்டினார். பழுப்பும் பச்சையுமாகக் கட்டம், பின்பக்கம் வரவேண்டிய தலைப்பு மட்டும் அடர்ந்த நிறம். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கட்டங்கள் இன்னும் தனித்தனியாகவே நிற்கின்றன.

மலாய்க்காரர்கள் இந்தத் துணியைக் காயின் பெலிக்காட் என்பார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் அங்கேதான். சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளின் வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் வந்த சஞ்சிக்கூலிகளும் கங்காணி ஆட்களும் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கட்டத்துணி இக்கரை சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னதும் பாட்டி, “அப்போ இது நம்ம ஊருத் துணியா?” என்று மடியில் கிடந்ததை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அந்தக் கரைத் துணிக்கு முதல் நனைப்புதான் கண்டம். புதுக் கைலியை மற்றத் துணியோடு சேர்க்காமல் பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு ஊறவைப்பார் பாட்டி. கலங்கல் நிற்கும்வரை தண்ணீரை மாற்றுவார். சாயத்தைக் காப்பது உப்பைவிடத் தண்ணீரின் குளிர்ச்சிதான் என்பது என் எண்ணம். இதே சேதி போய்ச் சேராததால் அமெரிக்காவில் நடந்ததைச் சி.பி. கிருஷ்ணன் நாயர் சொன்னதுண்டு. பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கியவர் அவர். 1958-இல் அவரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கிய வணிகரிடம், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தச் சொல் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் வீட்டில் சாயம் ஓடிற்று. கடைசியில் சாயம் ஓடுவதையே அந்தத் துணியின் பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கில்ட்டும் கட்டம் போட்ட துணிதான், ஆனால் கம்பளி. நனைக்குமுன் அதன் மடிப்புகள் கலையாமல் நூலோட்டி நிறுத்திக்கொள்வார்கள். அதற்கும் வெந்நீர் ஆகாது.

உலர்த்துவதில்தான் பாட்டியின் கை தெரிகிறது. கைலியைப் பிழிந்து முறுக்குவதில்லை. உட்புறம் வெளியே வரத் திருப்பி, மூட்டிய வளையத்துக்குள் மூங்கிலை நுழைத்து, நிழலில் நிறுத்துகிறார். காற்று இரண்டு பக்கமும் போகும். கொடிக்கயிற்றின் தடம் விழாது. அரை மணிக்கு ஒருமுறை துணியைக் கழியின்மேல் ஒரு சாண் நகர்த்துகிறார். பெட்டிக்குப் போகும் கைலிக்குக் கஞ்சி போடுவதில்லை, பூச்சி அரிக்கும் என்று. மடித்த இடத்திலேயே திரும்ப மடிப்பதுமில்லை. நாலைந்து கிராம்பு, ஒரு பழைய வெள்ளைத் துணி உறை, அவ்வளவுதான்.

அப்பாவின் கைலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“சுருங்கினது சுருங்கினதுதான் தம்பி. வீசிடாதீங்க. நல்லா நைஞ்ச துணி, பேரப்புள்ளைக்குத் தூளி கட்டலாம்.”

நீலத்தை எடுக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. அவர் தானாகவே அதைத் தோம்பில் முக்கி, அலசி, மூங்கிலில் ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. இந்தப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. பாட்டி எழுந்து ஒவ்வொரு கைலியாகத் தொட்டார். கையால் அல்ல, மூட்டுத் தையலைக் கன்னத்தில் வைத்து. துணி நாலு மடிப்பாக இருக்கும் அந்த இடம்தான் கடைசியில் காயுமாம். அங்கே ஈரம் இருக்க மடித்தால் மூன்றே நாளில் கரும்புள்ளி விழும். அடுத்த வீட்டு வங்காளதேசத்துப் பையன்களின் லுங்கிகளும் அதே கழிகளில் இருந்தன. அவர்கள் செம்பனைக் குலை வெட்டப் போயிருந்தார்கள்.

“இது காயலே” என்று அப்பாவின் கைலியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினார். முதல் துளி தகரத்தில் விழுவதற்குள் அந்தப் பையன்களின் லுங்கிகளை நான் உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன்.