கேள் என்னும் சொல்

அம்மா மறைந்த பின்னர் தந்தையாரை என் வீட்டிற்கு அழைத்து வந்தேன். நாள்தோறும் காலையில், நான் பள்ளிக்குப் புறப்படும் பரபரப்பில், அவர் ஒரே செய்தியைச் சொல்வார்: "ராத்திரி பூரா நாய் குரைச்சுக்கிட்டே இருந்துச்சுப்பா."

நானும் நாள்தோறும் ஒரு வழி சொன்னேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருநாள் கட்டிலையே பின்னறைக்கு மாற்றினேன். மறுநாளும் நாய் குரைத்தது. "வயதானால் இப்படித்தான்" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன்.

ஆசிரியனுக்குப் பேச்சே பிழைப்பு. ஒருமுறை தொண்டை புண்ணாகி, மூன்று நாள் வாய் திறக்கக் கூடாதென்று மருத்துவர் கட்டளையிட்டார். அன்று காலையும் அப்பா நாயைப் பற்றிச் சொன்னார். பதில் சொல்ல இயலாமல் அவர் முகத்தையே பார்த்திருந்தேன். சற்று நேரம் மௌனம். பிறகு அவரே தொடர்ந்தார்: "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. உங்கம்மாவுக்கு மாத்திரை குடுக்கிற நேரம். அப்புறம் தூக்கம் இல்ல. நானும் அந்த நாயும்தான் முழிச்சிருக்கோம்."

இத்தனை நாளும் அவருடைய முதல் வாக்கியத்திற்கே விடையளித்து, இரண்டாம் வாக்கியத்தை வரவிடாமல் தடுத்திருந்தேன்!

மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் நிக்கோல்ஸ், லெனார்ட் ஸ்டீவன்ஸ் என்பவருடன் 1957-இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 125 சொற்கள் பேசுகிறார் என்றும், கேட்பவரின் சிந்தனையோ அதனினும் பன்மடங்கு விரைவாக ஓடுகிறது என்றும் சுட்டினார். மிஞ்சும் அந்த நேரத்தில்தான் மனம் அலைகிறது. அல்லது, என்னைப் போல், பதிலைத் தயாரிக்கிறது. அதே ஆண்டில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சனுடன் இணைந்து வேறொரு பயிற்சியை எடுத்துரைத்தார்: சொற்களோடு அவற்றின் பின்னுள்ள உணர்வையும் கேட்க வேண்டும், கேட்டதை நம் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என அறிய வேண்டும்.

எளிதாகத் தோன்றும் இப்பயிற்சி எனக்குக் கடினமாகவே இருந்தது. பிறர் தொடங்கிய வாக்கியத்தை நானே முடிக்கும் பழக்கம் விடவில்லை. ஒருவர் பேசி நிறுத்தியதும் உடனே வாய் திறவாமல் ஒரு மூச்சு நேரம் காத்திருக்கப் பழகினேன். வகுப்பில் மாணவன் திக்கும்போதும் அவ்வாறே காத்திருந்தேன். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்னரே வந்தது.

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனத் தனியே 42ஆம் அதிகாரத்தை அமைத்தார். நம் மொழியில் 'கேள்' என்றால் செவிமடுத்தல், வினவுதலும் அதுவே, உறவு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இம்மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழியைப் பிறருக்குக் கற்பித்தே வாழ்ந்தவன் நான். அதன் பொருளை என் வீட்டுத் திண்ணையில் கற்க ஒரு தொண்டைப் புண் தேவைப்பட்டது.

நான்காம் நாள் குரல் திரும்பியது. "ராத்திரி நாய்..." என்று அப்பா தொடங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் அமர்ந்தேன்.

"ரெண்டு மணிக்கு முழிச்சிட்டீங்களாப்பா?"

அவர் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று பள்ளிக்குத் தாமதமாகவே சென்றேன்.