மிசிசிப்பியில் அம்மாவுக்குக் கிடைத்த வெண்டைக்காய்

அமெரிக்கா போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரமே அம்மாவுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது. மெம்ஃபிஸில் இருக்கும் தம்பி வீட்டில் ரசம், பருப்பு, முட்டைக் குழம்பு எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தன. வெளியே போனால்தான் வம்பு. பர்கர், பீஸா, மறுபடியும் பர்கர். "இந்த ஊருக்காரங்க அவங்க வீட்டுல என்னதான் சாப்பிடுறாங்க?" என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டார். அதற்குத் தம்பி சொன்ன பதில்தான் இந்தப் பயணம்.

ஒரு சனி, ஒரு ஞாயிறு. மெம்ஃபிஸிலிருந்து காரில் தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்குள் இறங்கி, சின்ன ஊர்களில் உள்ளூர் ஆட்கள் சாப்பிடும் கடைகளில் மட்டும் சாப்பிடுவது. ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கடைகள் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தம்பி கார் ஓட்ட, அம்மா முன்னால், நான் பின்னால்.

நாங்கள் போன பகுதிக்கு மிசிசிப்பி டெல்டா என்று பெயர். டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடல் அங்கிருந்து வெகுதூரம். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே, வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவான சமவெளி அது. 61ஆம் நெடுஞ்சாலையில் மெம்ஃபிஸைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மேடுகள் முடிந்து நிலம் மேசைபோல் ஆகிவிடுகிறது. அக்டோபர் மாதம் என்பதால் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லை. இயந்திரம் பறித்து, சுருட்டி, மஞ்சள், இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் சுற்றிப் பெரிய பெரிய உருளைகளாக வயல் ஓரத்தில் போட்டிருந்தது.

"முன்னாடி இதையெல்லாம் யாரு பறிச்சா?" என்றார் அம்மா.

தம்பி சொன்னான். முதலில் அடிமைகள். அடிமைமுறை ஒழிந்த பிறகு அதே கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழுதார்கள். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் தோட்டக்காரருடையது; விளைச்சலில் பெரும்பாலும் பாதி அவருக்குப் போய்விடும். வருடம் முழுக்க அரிசி, மாவு, துணி எல்லாவற்றையும் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்குவார்கள். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது பலருக்கு மிஞ்சுவது கடன்தான்.

அம்மா கொஞ்ச நேரம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எங்க தோட்டத்துலயும் சம்பள நாளன்னிக்கு கடைக்காரர் நோட்டைத் தூக்கிக்கிட்டு பிரட்டுக்களத்துல வந்து நிப்பாரு" என்றார். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அம்மா. அதைப் பற்றி அவராகப் பேசுவது அபூர்வம். நானும் தம்பியும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

முதல் சாப்பாடு கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில். 61ஆம் சாலையும் 49ஆம் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கம்பத்தில் கிட்டார் வடிவங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தை வாங்கினார் என்ற கதை இந்தச் சந்திப்பின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. சாத்தானைவிடப் பசி முக்கியம்.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. ஒரு இறைச்சி, மூன்று காய். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள் வரிசையாக இருக்கும். கரண்டியோடு நிற்பவரிடம் கைகாட்டினால் தட்டில் போட்டுத் தருவார். நம் ஒட்டுக்கடைச் சாப்பாடு மாதிரியேதான். ஒரே வேடிக்கை, பாலாடைக்கட்டி ஊற்றிய மக்ரோனியும் அங்கே காய் வரிசையில் சேர்த்தி. தட்டு 12 டாலர். வெள்ளிக்கு மாற்றிக் கணக்குப் பார்க்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

அம்மா வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "டேய் தம்பி, வெண்டிக்காடா!"

வெண்டைக்காயேதான். வட்டமாக நறுக்கி, சோளமாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் கண் வைத்த தட்டைப்பயறு. அதற்கு அப்புறம் கீரை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அந்த மண்ணுக்கு வந்தவை. இந்தச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அந்தச் சமையல்காரிகளின் கைவண்ணம் என்று தம்பி விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா காதில் வாங்கவில்லை. வெண்டைக்காயை இரண்டாம் முறை வாங்கப் போய்விட்டார்.

கீரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க நம் வீட்டுக் கீரை மாதிரியே இருக்கும். ஆனால் புகையூட்டிய பன்றிக்கால் எலும்பு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் வழக்கம். பயறிலும் சில கடைகளில் அதே கதைதான். சைவக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டுவது நல்லது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். அம்மாவிடம் கரண்டிக்காரப் பெண்மணி "நோ, ஹனி, அதில் பன்றி இருக்கிறது" என்று கையால் தடுத்தே சொன்னார். மேசைக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்னை எதுக்கு அந்தப் பொண்ணு தேனுங்குது?" நான் கீரை வாங்கினேன். கீரை வெந்த தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். அதில் சோளரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அந்த இரண்டு நாளில் நான் சாப்பிட்டவற்றில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

கிளார்க்ஸ்டேலிலிருந்து கிரீன்வில் போகும் வழியில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் தாமாலே வாங்கினோம். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத்தோகையில் சுற்றி, மசாலாத் தண்ணீரில் வேகவைப்பது. மெக்சிகோக்காரர்களின் பண்டம் மிசிசிப்பி பெட்ரோல் நிலையத்துக்கு எப்படி வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்தி பறிக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்களிடமிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பலர் சொல்கிறார்கள். வேறு கதைகளும் உண்டு. வயலுக்குக் கட்டிக்கொண்டு போனால் சூடு ஆறாமல் இருக்கும் என்பது மட்டும் கையில் வாங்கியதுமே புரிந்தது. அவிழ்த்துப் பார்த்தால் காரக் கொழுக்கட்டை. உள்ளே பன்றி என்பதால் அம்மா வாசனையோடு நிறுத்திக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு கிரீன்வில்லில், நெல்சன் தெருவில் உள்ள 'டோஸ் ஈட் பிளேஸ்' கடையில். வெளியிலிருந்து பார்த்தால் இடிந்து விழப்போகும் பழைய மளிகைக்கடை. உள்ளே நுழைந்தால் நேராக அடுப்படி! இறைச்சி வாட்டும் அடுப்பைத் தாண்டி, இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கு பொரிப்பவரைத் தாண்டித்தான் மேசைக்குப் போக வேண்டும். இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த டோ சிக்னாவும் அவர் மனைவியும் 1941இல் தொடங்கிய கடை. அப்போது கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம். ஊரெங்கும் கறுப்பர்களுக்குத்தான் பின்வாசல். இந்தக் கடையில் மட்டும் தலைகீழ். முன்கட்டு கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு. ஸ்டேக் தின்ன ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து போனார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு நான் சிரித்தேன். அம்மா, "பின்னாடி வந்தாலும் தொரைங்க தொரைங்கதானே" என்றார்.

அந்தக் கடையின் பெயரே மாட்டிறைச்சியில்தான். ஒரு துண்டு மேசையை அடைத்துக்கொள்ளும் அளவு. நான் கோலாலம்பூரில் நண்பர்களோடு சாப்பிடுவேன் என்பது அம்மாவுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பார், அவர் முன்னால் நானும் சாப்பிட்டதில்லை. எனவே மூவரும் இறால், எலுமிச்சை பிழிந்த சாலட், ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு என்று முடித்துக்கொண்டோம். பக்கத்து மேசையை நான் பார்த்த பார்வையைத் தம்பி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். (போகிறவர்கள் கவனிக்க: ஞாயிறன்று இந்தக் கடை கிடையாது.) தங்கிய விடுதியின் உரிமையாளர் குஜராத்திக்காரர். காலையில் இஞ்சி போட்ட தேநீர் கொடுத்து அம்மாவின் மனத்தைக் குளிரவைத்தார்.

ஞாயிறு காலை 82ஆம் சாலையில் கிழக்கே போய் கிரீன்வுட் சேர்ந்தோம். ஒரு காலத்தில் பருத்தி வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர். இப்போது அகலமான தெருக்களும் நிறைய காலிக் கடைகளும். தம்பி ஒரு பழைய கட்டடத்துக்கு எதிரே காரை நிறுத்தினான். லஸ்கோஸ் உணவகம் இருந்த இடம். கதவு சாத்தியிருந்தது. இதுவும் ஓர் இத்தாலியக் குடும்பம் மளிகைக்கடையாகத் தொடங்கியதுதான். திரை போட்ட தனி அறைகளில் பருத்திப் பணக்காரர்கள் வந்து சாப்பிடுவார்களாம். வெள்ளையர்களுக்கு மட்டுமான கடை, பரிமாறியவர்கள் கறுப்பர்கள்.

அவர்களில் ஒருவர் புக்கர் ரைட். சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து 25 வருடம் அங்கே பரிமாறியவர். உணவுப் பட்டியல் எழுத்தில் கிடையாது. என்னென்ன உண்டு என்பதை அவர் பாட்டுப்போல மனப்பாடமாக ஒப்பிப்பார். 1965இல் என்பிசி தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் படம்பிடிக்க வந்தார்கள். ஒப்பித்து முடித்தவர் நிறுத்தவில்லை. சில வாடிக்கையாளர்கள் மரியாதையாகப் பேசுவார்கள், சிலர் கேவலமான பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எப்படிக் கூப்பிட்டாலும் தான் சிரித்தே ஆக வேண்டும், உள்ளே அழுதாலும் சிரிக்க வேண்டும், தன் பிள்ளைகள் படித்து இந்த நிலைக்கு வராமல் இருக்கவே இதைச் செய்வதாகச் சொன்னார். 1966இல் அது ஒளிபரப்பானது. வேலை போனது. அடித்தார்கள். அவர் சொந்தமாக நடத்திவந்த சிறிய உணவகத்தையும் சேதப்படுத்தினார்கள். இருந்தும் அந்தக் கடையை நடத்தினார். 1973இல் வாடிக்கையாளர் ஒருவர் சுட்டதில் இறந்துபோனார். அவரைப் பற்றி 2012இல் ஓர் ஆவணப்படம் வந்தது.

தம்பி கைப்பேசியில் அந்தப் பழைய காட்சியைப் போட்டுக் காட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை மேலங்கி. அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. தம்பி மொழிபெயர்க்கத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முகத்தை மட்டும் பார்த்தார். இரண்டாம் முறை போடச் சொன்னார்.

"எங்கப்பா" என்றார்.

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தாத்தாவின் படம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் துரையின் பங்களாவில் குசினிக்காரராக இருந்தவர். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, கையில் தட்டு, வாய் நிறையச் சிரிப்பு. பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னபோது அந்தப் படத்தை ஒட்டி, அடியில் 'எப்போதும் மகிழ்ச்சியாக இருந்த என் தாத்தா' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அம்மா அப்போது அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கிரீன்வுட்டில் காருக்குள் உட்கார்ந்து இப்போது சொன்னார். பங்களாவில் தாத்தாவுக்குப் பெயர் கிடையாது, 'பாய்'தான். துரை விருந்து வைக்கும் நாள்களில் கோழி ரோஸ்ட், புட்டிங், கஸ்டர்ட் எல்லாம் அவர் கைதான். ஒரு முறை சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று விருந்தாளிகள் முன்னால் தட்டைத் தூக்கி அடித்தார்கள். தாத்தா சிரித்துக்கொண்டே துடைத்தார். "அத அம்மாதான் எனக்குச் சொன்னாங்க. அவரு சொல்லல. லயத்துக்கு வந்தா கஞ்சியும் கருவாடும் சாப்பிடுவாரு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயே தொறக்க மாட்டாரு. வீட்டுல அவரு சிரிச்சு நான் பாத்ததில்ல."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"படத்துல நல்லாத்தானே இருக்காரு" என்றார் அம்மா.

தம்பி காரை எடுத்தான். தேவாலயம் விட்ட நேரம். நாங்கள் போன சாப்பாட்டுக் கடையில் பெரிய தொப்பி வைத்த பாட்டிமார்களும் கோட்டுப் போட்ட பையன்களும் வாசல்வரை நின்றார்கள். கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் ஒரே வரிசை. முக்கால் மணி நேரம் காத்திருந்து இடம் கிடைத்தது. பொரித்த கெளுத்தி மீன், தட்டைப்பயறு, வெண்டைக்காய். இந்தத் தடவை அம்மா முன்கூட்டியே பன்றியைப் பற்றி விசாரித்துவிட்டார், தன் ஆங்கிலத்தில், தானாகவே.

பரிமாறிய பெண்ணுக்கு அம்மாவைவிட வயது அதிகம் இருக்கும். அவர் சிரிக்கவில்லை. அவசரத்தில் இருந்தார், கால் வலி என்பது நடையில் தெரிந்தது. தட்டுகளை டக்கென்று வைத்துவிட்டுப் போனார். வேறொரு நாளாக இருந்தால் நான் முகம் சுளித்திருப்பேன்.

அம்மா கைப்பையைத் திறந்து, தம்பி வைத்த அன்பளிப்புக்கு மேலே 20 டாலர் நோட்டு ஒன்றைத் தட்டுக்கு அடியில் செருகினார். பிறகு மிச்சமிருந்த வெண்டைக்காயைத் தாப்பாவ் கட்டித் தரச் சொல்லும்படி என்னை இடித்தார். மெம்ஃபிஸ் போய்ச் சேரும்வரை அந்தப் பெட்டி அவர் மடியில் இருந்தது. பாதி வழியிலேயே காலியாகிவிட்டது.